கார் வாங்கும் முன்: எந்த வகை நடுவழியில் கைவிடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தத்தில் யாராவது கார் வாங்கக் கிளம்பினால், ஷோரூமுக்குப் போகும் முன் எனக்கு ஒரு போன் வரும். நான் மெக்கானிக் இல்லை. இருபது வருடமாகக் கார் வைத்திருப்பவன், வொர்க்‌ஷாப் பெஞ்சில் நிறைய நேரம் உட்கார்ந்தவன், அவ்வளவுதான். விலை, மைலேஜ், நிறம் எல்லாம் பேசி முடித்துக் கடைசியில்தான் கேட்பார்கள்: "ரிப்பேர் வைக்காம ஓடுமா?" அந்தக் கடைசிக் கேள்வியைச் சுற்றி வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓட்டப்போகிறவர்களை நினைத்து எழுதியது.

நம்பகமான கார் எது? சுருக்கமாக ஒரு பெயர் சொல்லுங்களேன்.

சொல்லலாம்தான். ஆனால் இதில் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நடுரோட்டில் நிறுத்திவிடுமா? வருடத்தில் எத்தனை தடவை வொர்க்‌ஷாப் வாசலை மிதிக்க வைக்கும்? பழுதானால் எவ்வளவு பணம், எத்தனை நாள், கைவைக்க ஆள் பக்கத்தில் இருக்கிறதா? ஒரே கார் மூன்றுக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்லும்.

என் பழைய கார் ஒரு கல்யாணத்துக்கு மதுரை போகும் வழியில், பரனூர் டோல்கேட் தாண்டி டீ குடிக்க நிறுத்திய இடத்தில் கிளம்பவே இல்லை. குடும்பமே வெயிலில் நின்றது. காரணம் பேட்டரி. செங்கல்பட்டிலிருந்து ஒரு பையன் பைக்கில் புதுசு கொண்டுவந்து மாட்டினான். சில ஆயிரத்தோடு முடிந்தது. என் மைத்துனருடைய கார் இதற்கு நேரெதிர். நான்கு வருடம் ஒரு தடவைகூட நின்றதில்லை. ஐந்தாம் வருடம் கியர்பாக்ஸின் மின்னணுப் பாகம் போனது. லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட், பாகம் வர ஐந்து வாரம். கணக்குக்கு இரண்டும் ஒவ்வொரு பழுதுதான். எந்தப் பழுதை உங்களால் தாங்க முடியாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெயரை அப்புறம் பேசலாம்.

ஒரு ஆய்வு மின்சாரக் கார் மோசம் என்கிறது, இன்னொன்று நல்லது என்கிறது. யாரை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். அவரவர் எதை எண்ணினார்கள் என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு கார் வைத்திருப்பவர்களிடம் "கடந்த 12 மாதத்தில் என்ன தொல்லை?" என்று கேட்கிறது. 2023ல் வெளியான அதன் ஆய்வில், சமீபத்திய மாடல்களில் சாதாரணப் பெட்ரோல் கார்களைவிட ஹைப்ரிட் கார்களில் 26 சதவீதம் குறைவான தொல்லைகள்; மின்சாரக் கார்களில் 79 சதவீதம் அதிகம்; வெளியே சார்ஜும் ஏற்றிக்கொள்ளக்கூடிய பிளக்-இன் ஹைப்ரிட்களில் 146 சதவீதம் அதிகம். அடுத்த வருடமே மின்சாரக் கார்களின் அந்த 79 சதவீதம் 42 ஆக இறங்கியது. ஒரே வருடத்தில் இவ்வளவு ஆடும் எண்ணை வைத்து ஒரு தொழில்நுட்பத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. மின்சார மாடல்கள் பல அப்போதுதான் சந்தைக்கு வந்தவை. புது மாடலுக்கே உரிய பிள்ளை நோய்களும் அந்தக் கணக்கில் இருந்தன.

ஜெர்மனியின் ஏடிஏசி எண்ணுவது வேறு. அது வாகன ஓட்டிகளின் சங்கம். நடுவழியில் நின்றவர்களுக்கு உதவப் போகும் அதன் மஞ்சள் வண்டிகள் எத்தனை தடவை அழைக்கப்பட்டன என்பதுதான் கணக்கு. 2024ஆம் வருட அழைப்புகளில், இரண்டிலிருந்து நான்கு வயதான மின்சாரக் கார்களில் 1,000க்கு 4.2 நின்றன, அதே வயது பெட்ரோல், டீசல் கார்களில் 10.4. அதாவது மின்சாரக் கார் அதிகம் தொல்லை கொடுக்கலாம், ஆனால் சாலையில் குறைவாகவே நிற்கிறது. திரை உறைவது, கதவுக் கைப்பிடி வெளியே வராதது, சார்ஜர் முரண்டு பிடிப்பது எல்லாம் முதல் கணக்கில் சேரும். இரண்டாவதில் பெரும்பாலும் சேராது.

மூன்றாவது, அதே ஜெர்மனியின் டூஃப் அறிக்கை. நம் ஊர் எஃப்.சி. மாதிரிக் கட்டாயச் சோதனையில் எத்தனை கார்கள் பெரிய குறைகளோடு வந்தன என்பது இது. 2023 நவம்பரில் வந்த அறிக்கையில் இரண்டு, மூன்று வயதுக் கார்களில் டெஸ்லா மாடல் 3 கடைசி இடம்; 14.7 சதவீதம் தேறவில்லை. மோட்டாரோ பேட்டரியோ காரணமில்லை. பிரேக், விளக்கு, சஸ்பென்ஷன். மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையை மோட்டாரே பாதி பார்த்துக்கொள்வதால் பிரேக் தட்டு தேயாமல் துருப்பிடிக்கிறது. வருடாந்திர சர்வீஸும் கட்டாயமில்லாததால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஜே.டி. பவர் தரவரிசை?

அது ஒரு அமெரிக்க ஆய்வு நிறுவனம். அதில் 100 கார்களுக்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணுவார்கள். முதல் 90 நாளைப் பற்றி ஒரு ஆய்வு, மூன்று வருடம் ஓடிய கார்களைப் பற்றி வேறொரு ஆய்வு. விளம்பரத்தில் எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 90 நாள் கணக்கு உங்களுக்குப் பெரிதாக உதவாது. மூன்று வருட ஆய்விலும்கூட சமீப காலமாக முன்னால் நிற்கும் தொல்லை எஞ்சின் கிடையாது. போனைத் திரையோடு இணைக்கும் வசதிதான். பாட்டு கேட்காததும் பிஸ்டன் தேய்வதும் அங்கே ஆளுக்கொரு புள்ளி.

அமெரிக்கப் பட்டியலில் டொயோட்டா மேலே இருக்கிறது. இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்து வாங்குங்கள். அங்கே மேலே இருப்பது அந்தச் சந்தைக்கான கார்கள். இங்கே டொயோட்டா ஷோரூமில் நிற்கும் கிளான்சா, மாருதி பலேனோதான். டைசர், மாருதி ஃபிராங்ஸ். அவை நல்ல கார்களா என்றால் ஆம். ஆனால் அந்த நல்ல பெயர் சுசுகி எஞ்சினுக்குச் சேரவேண்டியது. 2024 ஜூலையில் மாருதி தன் அடிப்படை வாரண்டியை டொயோட்டாவைப் போலவே 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டராக உயர்த்திய பிறகு, பேட்ஜுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் இருந்த ஒரு காரணமும் குறைந்துவிட்டது.

இதையே உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம். ஃபோக்ஸ்வாகன் விர்டஸும் ஸ்கோடா ஸ்லாவியாவும் ஒரே அடித்தளம், ஒரே எஞ்சின்கள். ஹூண்டாய் வென்யூவும் கியா சோனெட்டும் அப்படியே. ஒன்றைப் பற்றித் தகவல் போதவில்லை என்றால் அதன் சகோதரக் காரை விசாரியுங்கள். வெளிநாட்டு ஆய்வுகளிலிருந்து இங்கே எடுத்துக்கொள்ளத் தகுந்தது மாடல் பெயர்களைவிட எஞ்சின் வகை, கியர்பாக்ஸ் வகை பற்றிய பாடங்கள்தான்.

பெட்ரோலா, டீசலா? டீசல் எஞ்சின் "இரும்பு மாதிரி" என்பார்களே?

அது ஒரு காலத்துப் பேச்சு. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் எஞ்சின் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று ஊரிலுள்ள பாதிக் கார்களில் உட்கார்ந்திருந்தது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய டாக்சிகளை நாமே பார்த்திருக்கிறோம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசு விதி வந்தது. மாருதி அந்த நாளோடு டீசலையே கைவிட்டது. மற்றவர்களின் டீசல் கார்களில் புகைக்குழாய்க்குள் ஒரு வடிகட்டி வந்து சேர்ந்தது. டி.பி.எஃப். என்பார்கள்.

அந்த வடிகட்டி கரித்தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு, போதுமான சூடு கிடைக்கும்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். சூடு வர வேண்டுமானால் நிற்காமல் ஓரளவு வேகத்தில் பத்து, இருபது நிமிடமாவது ஓட வேண்டும். மயிலாப்பூரில் வீட்டிலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், அங்கிருந்து காய்கறிக் கடை, திரும்ப வீடு என்று ஓடும் காரில் அந்தச் சூடு வரவே வராது. முதலில் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் எஞ்சின் இழுவை குறையும். எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயிலையும் கெடுக்கும்.

இதே கார் வாரம் இரண்டு தடவை கோயம்புத்தூர் போய் வரும் வியாபாரியிடம் இருந்தால் பத்து வருடம் ஒரு முனகலும் இல்லாமல் ஓடும். அதனால் டீசல் நம்பகமானதா என்று யாராவது கேட்டால், தினமும் எவ்வளவு தூரம், எந்த ரோட்டில் என்று திருப்பிக் கேட்பேன். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டாத ஊருக்குள் ஓட்டம் என்றால் டீசலை மறந்துவிடுங்கள்.

டர்போ பெட்ரோல் சீக்கிரம் தேய்ந்துவிடுமா?

சீக்கிரம் தேயாது, ஆனால் அலட்சியத்தை மன்னிக்காது. டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சின் ஆயில் மாற்ற இரண்டாயிரம் கிலோமீட்டர் தாமதமானாலும் பொறுத்துக்கொள்ளும். டர்போவில் ஒரு சிறிய சக்கரம் நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் சுற்றுகிறது, அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. ஆயில் தரம் குறைந்தாலோ அளவு குறைந்தாலோ முதலில் அடி வாங்குவது அதுதான். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து ஹோட்டல் வாசலில் சட்டென்று அணைக்காமல், ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின்களில் இன்னொரு விஷயம்: வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் கழுவுவதில்லை, அதனால் வருடங்கள் போகப்போக அங்கே கரி படியும். பழைய டர்போ கார் வாங்குகிறவர்கள் இதை மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் எது பிரச்சினை குறைவு? ஏ.எம்.டி., சி.வி.டி., டி.சி.டி. என்று தலை சுற்றுகிறது.

சுற்றத்தான் செய்யும். விற்பனையாளர் எல்லாவற்றையும் "ஆட்டோமேட்டிக் சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். டார்க் கன்வர்ட்டர் என்ற வகையையும் சேர்த்தால், உள்ளே நான்கும் நான்கு வேறு இயந்திரங்கள். கார் வகைகளின் நம்பகத்தன்மையில் மிகப் பெரிய வித்தியாசம் எஞ்சினைவிட இங்கேதான் என்பது என் கருத்து.

ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் இடது காலும் இடது கையும் செய்ததை ஒரு சிறு இயந்திரம் செய்கிறது. 2014ல் மாருதி செலேரியோவோடு இந்தியாவுக்கு வந்தது. கிளட்ச் தேயும், மாற்றலாம், செலவு தாங்கும் அளவு. கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடும், அது பழுது கிடையாது, அதன் குணமே அப்படி. மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரிலேயே காரை நிறுத்திப் பிடிப்பவர்களுக்குக் கிளட்ச் சீக்கிரம் போகும்.

டார்க் கன்வர்ட்டர் பழைய, கனமான வகை. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இணைப்பு எண்ணெய் வழியாக. கத்திப்பாரா நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தாலும் உரசித் தேய அங்கே கிளட்ச் தட்டு இல்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறினாலும் அப்படியே. மாருதி பிரெஸ்ஸா, ஹூண்டாய் கிரெட்டா டீசல் போன்றவற்றில் இருப்பது இது. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒன்றைச் சொல் என்றால் இதைச் சொல்வேன்.

சி.வி.டி.யில் கியர் படிகளே கிடையாது. இரண்டு கூம்புச் சக்கரங்களுக்கு நடுவே ஒரு உலோகப் பட்டை. ஹோண்டா சிட்டி, அமேஸ் கார்களில் பல வருடமாக இருக்கிறது. யார் செய்தது என்பது இதில் முக்கியம்: அமெரிக்காவில் நிசான் தன் சி.வி.டி.களுக்காக வழக்குகளைச் சந்தித்து வாரண்டியை நீட்டிக்க வேண்டிவந்தது; டொயோட்டாவுக்கும் ஹோண்டாவுக்கும் அந்த அளவு கெட்ட பெயர் வரவில்லை. எண்ணெயை நேரத்துக்கு மாற்றி, சூடாவதற்குள் விரட்டாமல் ஓட்டினால் அமைதியாக உழைக்கும்.

டி.சி.டி. ஓட்ட மிகவும் இனிமையானது. இரண்டு கிளட்ச், ஒன்று இந்தக் கியரைப் பிடித்திருக்கும்போதே மற்றது அடுத்ததைத் தயாராக வைத்திருக்கும். சிக்கல் உலர் கிளட்ச் வகையில்தான். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அந்தத் தட்டுகள் பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசிச் சூடாகும். 2013ல் சீனாவில் ஃபோக்ஸ்வாகன் தன் டி.எஸ்.ஜி. (டி.சி.டி.க்கு அவர்கள் வைத்த பெயர்) கியர்பாக்ஸ் குறைக்காக 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸ் பெரிய கூட்டு வழக்காகவே முடிந்தது. அதுவும் உலர் வகை. பிறகு மேம்பாடுகள் வந்திருக்கின்றன என்பது உண்மைதான். டாடா 2022ல் ஆல்ட்ரோஸில் வைத்தது எண்ணெயில் ஊறும் ஈர கிளட்ச் வகை. சூட்டை அது நன்றாகக் கடத்தும்.

இதற்கு அழகான உதாரணம் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ். அதன் 1.0 எஞ்சினில் டார்க் கன்வர்ட்டர், 1.5 எஞ்சினில் உலர் கிளட்ச் ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஒரே கார், ஒரே ஷோரூம், ஒரே ஆட்டோமேட்டிக் பேட்ஜ். தினமும் ஓ.எம்.ஆர். நெரிசலில் நிற்பவர் சிறிய எஞ்சினை எடுத்தால் நீண்ட காலத்தில் நிம்மதி என்பேன், இ.சி.ஆரில் விரட்டுபவர் என் பேச்சைக் கேட்கப்போவதில்லை.

ஹைப்ரிடில் எஞ்சினும் மோட்டாரும் இரண்டும் இருக்கிறதே, பழுதும் இரட்டிப்பாகாதா?

கேட்டால் நியாயமாகத்தான் தெரிகிறது. நடப்பதோ நேர்மாறு. டொயோட்டா 1997ல் ப்ரியஸோடு தொடங்கிய அமைப்பில் கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. "இ-சி.வி.டி." என்று பெயர் வைத்திருந்தாலும் உலோகப் பட்டை இல்லை, எப்போதும் பல்லோடு பல் கோத்திருக்கும் ஒரு கியர் தொகுதி மட்டும். வழக்கமாகப் பழுதாகும் சாமான்களையே எடுத்துவிட்டார்கள். பிரேக் பேடும் மெதுவாகவே தேயும். இங்கே டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் "ஸ்ட்ராங் ஹைப்ரிட்" வகையில் இருப்பது இந்த வழிதான். டொயோட்டா பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறது.

பின்னால் "ஹைப்ரிட்" என்று ஒட்டியிருக்கும் எல்லாம் இது கிடையாது. "ஸ்மார்ட் ஹைப்ரிட்", "மைல்ட் ஹைப்ரிட்" என்பவை சாதாரணப் பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டரைக் கொஞ்சம் பலப்படுத்தியது மாதிரி. மேலே சொன்ன பெருமை எதுவும் அதற்குச் சேராது.

மின்சாரக் கார் பேட்டரி நம்ம ஊர் வெயில் தாங்குமா?

பேட்டரியைக் குளிர்விக்க என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். முதல் தலைமுறை நிசான் லீஃபில் பேட்டரிக்குத் திரவக் குளிர்ச்சி கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் ஒன்றிரண்டு வருடத்திலேயே அதன் கொள்ளளவு கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. நிசான் பிறகு கொள்ளளவு குறைவதையும் வாரண்டிக்குள் கொண்டுவந்தது. வேலூர் மே மாதத்தை நினைத்துக்கொண்டு அந்தக் கதையைப் படியுங்கள். திரவக் குளிர்ச்சி உள்ள கார், எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகைப் பேட்டரி என்றால் பயம் பாதி குறையும், எல்.எஃப்.பி. சூட்டையும் அடிக்கடி சார்ஜ் ஏற்றுவதையும் மற்ற வகைகளைவிட நன்றாகத் தாங்கும்.

நடைமுறையில் மின்சாரக் காரை நிறுத்திவிடுவது பெரும்பாலும் பெரிய பேட்டரி கிடையாது. எல்லாக் கார்களிலும் இருக்கும் அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். ஏடிஏசி வண்டிகள் போகும் அழைப்புகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல், எந்த வகைக் காராக இருந்தாலும், அதனால்தான். பரனூரில் நான் தனியாள் இல்லை என்பதில் ஒரு திருப்தி.

ஒரே கவலை, பழுதானால் யார் பார்ப்பார்கள் என்பது. திருநெல்வேலியில் தெருமுனை மெக்கானிக் கிளட்ச் மாற்றிவிடுவார். உயர் மின்னழுத்தப் பெட்டியை அவர் திறக்கக்கூடாது. உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில் அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா, அல்லது கார் சென்னைக்குப் போக வேண்டுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

சி.என்.ஜி.?

கம்பெனியிலேயே பொருத்தியது என்றால் சரி. வெளியே மாட்டியது என்றால் எஞ்சின் வாரண்டி போய்விடும் வாய்ப்பு அதிகம். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். பழைய காரில் அந்தத் தகட்டில் தேதி பாருங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய கார் நம்பகமானதுதானே?

சம்பந்தமே இல்லை. பாரத் என்கேப் ஆகட்டும், குளோபல் என்கேப் ஆகட்டும், மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்று பார்ப்பவை. நட்சத்திரத்தைப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். ஆனால் அது ஏ.சி. கம்ப்ரசரைப் பற்றி எதுவும் சொல்லாது.

புது மாடல் வந்ததுமே புக் செய்யலாமா? ரீகால் ஆன காரைத் தவிர்க்க வேண்டுமா?

முதல் வருடம் பொறுங்கள். மஹிந்திரா ஸ்கார்பியோ-என் 2022 ஜூனில் வந்தது. அந்த டிசம்பரிலேயே, கிளட்ச் பகுதியில் உள்ள ஒரு ரப்பர் பாகத்துக்காக, மேனுவல் கியர் ஸ்கார்பியோ-என், எக்ஸ்யூவி 700 இரண்டிலும் சேர்த்து 19,000க்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். மாற்றிக்கொடுத்தார்கள், இலவசமாக. இப்படிப்பட்டவை முதல் சில மாத உற்பத்தியில்தான் அதிகம் நிகழும்.

ரீகால் என்றாலே கெட்ட கார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹோண்டா 2024 அக்டோபரில் எரிபொருள் பம்புக்காக 90,468 பழைய கார்களை அழைத்தது. குறையைக் கண்டுபிடித்து ஒப்புக்கொண்டு மாற்றித் தருகிற கம்பெனி, வாயைத் திறக்காத கம்பெனியைவிட மேல். நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: பழைய கார் வாங்கினால், சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் தளத்தில் போட்டு, அந்தக் குறிப்பிட்ட காரில் ரீகால் வேலை முடிந்ததா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் கடிதத்தைப் பிரிக்காமலே விட்டிருக்கலாம்.

இணையத்தில் ஒரு காரைப் பற்றி ஒரே புகாராக இருக்கிறது. வாங்காமல் விட்டுவிடவா?

மாதம் 15,000 விற்கும் காருக்கும் 500 விற்கும் காருக்கும் புகார் எண்ணிக்கையை ஒப்பிட்டால் முதலாவது எப்போதும் தோற்கும். எத்தனை புகார் என்பதை விடுங்கள். ஒரே புகார், ஒரே கிலோமீட்டர் வாக்கில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். "சர்வீஸ் சரியில்லை" என்று நூறு பேர் சொல்வதைவிட, "நாற்பதாயிரத்தில் ஸ்டீயரிங் கடகடவென்கிறது" என்று ஆறு பேர் சொல்வதை நான் மதிப்பேன்.

இன்னொரு நல்ல வழி, கால் டாக்சியில் ஏறும்போது ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுப்பது. "எவ்ளோ ஓடியிருக்குண்ணே? கிளட்ச் எப்ப மாத்துனீங்க? ஏ.சி. எப்படி?" டிசையர், எட்டியாஸ், இன்னோவா பற்றி அவர்களிடம் கிடைக்கும் விவரம் எந்த ஆய்விலும் கிடையாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: டாக்சி நாள் முழுக்க ஓடும், எஞ்சின் ஆறவே ஆறாது. எஞ்சினுக்கு அது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் உங்கள் காரின் வாழ்க்கை அதைவிடக் கஷ்டமானது.

பழைய கார் வாங்குகிறேன். எதைப் பார்ப்பது?

மாடல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பழைய காரில் முந்தைய கை முக்கியம். நன்றாகப் பராமரித்த சுமாரான மாடல், சீரழித்த நல்ல மாடலைவிட மேல்.

காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே செய்யுங்கள். "நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்பே சொல்லிவிட்டுப் போய், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். மீட்டரில் நாற்பதாயிரம் காட்டுகிறது, பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங் தோலும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரை யாரோ திருப்பியிருக்கிறார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்தால் கடைசி சர்வீஸின் கிலோமீட்டர் கிடைக்கும். மெக்கானிக்கிடம் காரின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் இருந்தால் பிழைக் குறியீடு மட்டும் பார்க்கச் சொல்லாதீர்கள்; சமீபத்தில் அழித்திருக்கிறார்களா என்பதும் அதில் தெரியும்.

சென்னைக் கார் என்றால் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எத்தனையோ கார்களை ஸ்டீயரிங் வரை மூழ்கடித்தன. அவை காணாமல் போய்விடவில்லை. துடைக்கப்பட்டு வேறு ஊரில் விற்பனைக்கு வந்தன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மண் கோடு இருக்கும். சீட் தண்டவாளத்தில் துரு, கம்பளத்துக்கு அடியில் வாடை. இப்படிப்பட்ட காரில் எஞ்சினைச் சரிசெய்துவிடலாம், வயரிங் மட்டும் பல வருடம் பழிவாங்கும்.

அப்புறம், கடையை மூடிய கம்பெனிகள். செவர்லே 2017 கடைசியில் இந்திய விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் மறைமலைநகரிலும் சனந்திலும் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்றது. ஃபோர்டு நல்ல கார், மலிவாகவும் கிடைக்கும். நம்பிக்கையான தனி மெக்கானிக் கைவசம் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

இ20 பெட்ரோல் பழைய காரைக் கெடுக்குமா?

2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார்கள் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பாகங்களோடு வருகின்றன. அதற்கு முந்தையவற்றில் ரப்பர் குழாய்கள், சீல்கள்மேல் கண் வையுங்கள். மைலேஜும் கொஞ்சம் குறையும். பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரையும் கையேட்டையும் பாருங்கள்.

கூடுதல் வாரண்டி எடுக்கலாமா?

டர்போ, டி.சி.டி., பெரிய திரை, சன்ரூஃப் உள்ள கார் என்றால் எடுங்கள். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், மேனுவல் கியர் என்றால் அந்தப் பணத்தை வங்கியில் போடுங்கள். எடுப்பதானால் "இவை அடங்காது" என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். கிளட்ச் தட்டு தேய்மானக் கணக்கில் போய்விடும். ஒரு சர்வீஸைத் தாமதமாக விட்டாலே கிளெய்ம் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

இரண்டு கார்களுக்கு நடுவில் நிற்கிறேன். கடைசியாக என்ன செய்வது?

ஷோரூமுக்கு விற்பனைப் பக்கமாகப் போகாமல் பின்பக்கம், ஸ்பேர்ஸ் கவுண்டருக்குப் போங்கள். இரண்டு காருக்கும் ஒரே ஐந்து பாகத்தின் விலை கேளுங்கள்: ஹெட்லைட், கிளட்ச் செட், ஏ.சி. கம்ப்ரசர், முன் ஷாக் அப்சார்பர், பக்கக் கண்ணாடி. கையிருப்பு உண்டா, வர எத்தனை நாள் என்றும் கேளுங்கள். அரை மணி நேர வேலை. பிறகு சர்வீஸ் சென்டர் வாசலில் காலை ஒன்பது மணிக்கு நின்று, மூன்று வயதுக்கு மேற்பட்ட அந்த மாடல் கார்களோடு வரும் இரண்டு பேரிடம் "என்ன வேலைக்குண்ணே வந்திருக்கீங்க?" என்று கேளுங்கள். கார்க்காரர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனதை நான் பார்த்ததில்லை. சிலர் பேச்சை நிறுத்தவே மாட்டார்கள்.

சரி, நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல், சி.வி.டி. சகோதரக் கார்களையெல்லாம் விசாரித்து, அந்த மாடல் வந்து இரண்டு வருடம் கழித்து வாங்கினேன். கியர்பாக்ஸ் எண்ணெய் "லைஃப்டைம் சார், மாத்தவே வேண்டாம்" என்றார்கள். யாருடைய லைஃப்டைம் என்று கேட்டேன், சிரித்தார்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டரில் மாற்றிவிட்டேன். வடிந்தது கறுப்பாகத்தான் இருந்தது. 12 வோல்ட் பேட்டரியை அது சாகும் வரை காத்திருக்காமல் மூன்றரை வருடத்தில் மாற்றுகிறேன்.